கல்முனைக் கரையின் பழைய கெப் வண்டிகள்

சில வாரங்களுக்கு முன்னர், கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று நோக்கிச் செல்லும் பிரதான வீதியோரத்துக் கராஜ் ஒன்றில் அரை நாள் காத்திருக்க நேர்ந்தது. நண்பரொருவரின் வண்டிக்குத்தான் வேலை. ஆயினும் என் கவனம் முழுவதும் அருகே நின்ற இன்னொரு வண்டியின் மீதே இருந்தது. பின்பெட்டி கழற்றப்பட்டு, சாசி வெளியே தெரிய நின்றது பழைய டொயோட்டா ஹைலக்ஸ் ஒன்று. கராஜ் பாஸ் எனக்கு முப்பதாண்டுகாலப் பழக்கம். எழுபத்தைந்தைக் கடந்தவர். சாசியின் நீளத்துக்கும் சிறிய சுத்தியலால் தட்டித் தட்டிச் செவிமடுத்துக்கொண்டு வந்தவர், ஒட்டுப் போட்ட இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

"இது வட்டைக்குள்ள மதகு உடைஞ்சு விழுந்த நேரம் போட்டது தம்பி. இது சுனாமி. இது பதினொன்றாம் ஆண்டு வெள்ளம். இது ஆரோ தெரியாதவன் செய்த வேலை, இதத்தான் முதல்ல வெட்டி எறியணும்."

நம்மவர் எழுதிய பிரதேச வரலாறுகள் பலவற்றை நான் வாசித்திருக்கிறேன். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் புலவர்களும் அரசியல் தலைவர்களும் அவற்றில் இடம்பெறுகின்றனர். மருதமுனையின் நெசவுக்கும் சில பக்கங்கள் உண்டு. ஆனால் இக்கரையின் வண்டிகளை ஓடவைத்த கைகளைப் பற்றி யாரும் எழுதக் கண்டதில்லை. அக்குறையைச் சிறிதேனும் நீக்கும் எண்ணத்துடனேயே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் நிலத்தைச் சொல்லவேண்டும். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊர்கள் கடலோரமாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. மக்கள் நெருங்கி வாழ்வது ஒடுங்கிய மணற்கரையில். அவர்கள் உண்பதற்கான நெல் விளைவதோ மேற்கே பரந்து கிடக்கும் வட்டைகளில். வீட்டுக்கும் வட்டைக்கும் இடையே களிமண் பாதைகளும் வாய்க்கால்களும் ஆற்றுப் படுகைகளும் உள்ளன. பெரும்போகத்தின் வேலைகள் தொடங்கும் காலமே வடகீழ்ப் பருவமழையின் காலம். கிட்டங்கி வீதி வெள்ளத்தில் மூழ்குவதும், மாவடிப்பள்ளியில் நீர் வீதியைக் கடந்து பாய்வதும் நம் பகுதியினர் நன்கறிந்த மாரிக்காலக் காட்சிகள். மறுபுறம், கரைவலை மீனை மணலிலிருந்து வீதிக்கு ஏற்றவேண்டும். சேறும் மணலும் ஒரே ஊரின் இரு புறங்களிலும் இருக்கும்போது, பின்சில்லுகள் மட்டும் உழைக்கும் வண்டியால் பயன் குறைவு. மாட்டு வண்டியின் இடத்தை உழவு இயந்திரமும், அதன் பின்னர் நான்கு சில்லும் உழைக்கும் வண்டியும் பிடித்துக்கொண்டமைக்கு இதுவே காரணம். இங்கு அது ஆடம்பரப் பொருளாக வந்ததன்று.

இக்கரையின் இயந்திர வரலாறு கல்லோயாவுடன் தொடங்குகிறது எனலாம். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. அமெரிக்காவின் மொரிசன் நட்சன் நிறுவனம் இங்கினியாகலையில் அணையைக் கட்டியது. மண்வெட்டியும் கூடையுமே கண்டிருந்த பிரதேசத்துக்குப் பார இயந்திரங்கள் வந்து சேர்ந்தன. அவற்றுக்கெனத் தொழிற்கூடங்களும், பின்னர் அம்பாறையில் ஹார்டி பயிற்சி நிறுவனமும் தோன்றின. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகியது.

அதே காலத்தில் பிரித்தானியாவில் பிறந்தது லாண்ட் ரோவர். 1948ஆம் ஆண்டு அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது அறிமுகமாகியது. போருக்குப் பின்னர் அங்கு உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவியமையால் அதன் உடலை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தனர். உடல் துருப்பிடிக்காது, ஆனால் சாசி உருக்கு. ஆதலால் கடற்காற்றில் நின்ற லாண்ட் ரோவர்கள் மேலே பளபளப்பாகவும் கீழே உக்கியும் காணப்பட்டன. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களும் அரச திணைக்களங்களும் இவ்வண்டியைப் பெருமளவில் பயன்படுத்தின. கழித்துவிடப்பட்டு ஏலத்தில் போனவற்றுட் சில நம் பகுதிக் கராஜ்களில் மறுபிறவி எடுத்ததை என் இளமையில் கண்டிருக்கிறேன்.

அவ்வண்டிகளின் இலக்கத் தகட்டிலும் வரலாறு இருந்தது. ஆரம்பத்தில் 'சிலோன்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்களை இவ்விரண்டாக எடுத்து இலக்கங்கள் வழங்கப்பட்டன. 1957இல் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து தகடுகளில் ஏறியது. அதை எதிர்த்துத் தமிழ்ப் பகுதிகளில் தமிழெழுத்தைப் பொறித்து வண்டி ஓட்டினர். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மீது தார் பூசினர். நாட்டையே உலுக்கிய 1958ஆம் ஆண்டுக் கலவரங்களுக்கு முன்னோடியாக அமைந்தவற்றுள் ஒரு வாகனத் தகடும் இருந்தது என்பதை இன்றைய இளைஞர் பலர் அறியார்.

1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி இறுகியது. வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரையான காலத்தில் புதிய வண்டி சாமானியருக்குக் கனவாயிற்று. உதிரிப்பாகமும் கிடைப்பதரிது. நம் பாஸ்மாரின் கலை உருவான காலம் அதுவே. 'பாஸ்' என்ற சொல்லே ஒல்லாந்தர் விட்டுச்சென்றது. தொழில் வல்லவன், தலைவன் என்று பொருள். ஆங்கிலத்தின் 'பொஸ்' என்ற சொல்லுக்கும் அதுவே மூலம். அங்கே முதலாளியைக் குறித்த சொல், இங்கே கையால் வேலைசெய்பவனுக்குரிய மதிப்புப் பட்டமாக நிலைத்துவிட்டது.

தேய்ந்த புஷ்ஷைக் கடைசல் இயந்திரத்தில் வெண்கலத்தால் கடைந்தெடுத்தார்கள். உடைந்த ஸ்பிரிங் தகட்டுக்கு லொறியின் தகட்டை வெட்டி வளைத்தார்கள். பழுதானதை எறிந்து புதியதைப் பூட்டும் வழக்கம் அன்று இல்லை; பழுதின் காரணத்தைக் கண்டறிந்து அதனை நீக்குவதே வேலை. சாசி ஒட்டுவதற்கும் அவர்களிடம் ஒரு முறை இருந்தது. வெடித்த இடத்தின் மேல் சதுரத் தகட்டை வைத்து நேர்க்கோட்டில் ஒட்டினால், பாரம் ஏறி இறங்கும்போது அக்கோட்டின் ஓரத்திலேயே மறுபடியும் வெடிக்கும். ஆதலால் தகட்டைச் சாய்சதுரமாக வெட்டி, கூர்முனைகள் முன்னும் பின்னும் வரும்படி வைத்து ஒட்டுவர். அழுத்தம் ஓரிடத்தில் குவியாது பரவிச் செல்லும். பொறியியல் நூல்களும் இதனையே சொல்கின்றன. நம்மவர்கள் வெடித்த வண்டிகளிடமிருந்து கற்றார்கள்.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. ஜப்பானிய வண்டிகள் வந்து குவிந்தன. டொயோட்டா நிறுவனம் 1979இல் நான்கு சில்லு இயக்கம் கொண்ட ஹைலக்ஸை வெளியிட்டது. 1988இல் வந்த வடிவமே நம் பகுதியில் பெரிதும் போற்றப்பட்டது. இசுசு, நிசான், மிட்சுபிசி கெப் வண்டிகளும் வந்தன. ஆயினும் ஹைலக்ஸ் நிலைத்ததற்குத் தனிக் காரணம் ஒன்றுண்டு.

அதன் 3எல் டீசல் எஞ்சின் 2.8 லீற்றர் கொள்ளளவுடையது. கணினி இல்லை, டர்போ இல்லை, எரிபொருளைப் பங்கிடும் பம்பு முற்றிலும் இயந்திர முறையிலானது. அதே எஞ்சினே நம் நாட்டில் 'டொல்பின்' என்று அழைக்கப்பட்ட ஹையேஸ் வேனிலும் இருந்தது. டொல்பின் வேன் ஓடாத ஊர் இலங்கையில் இருந்ததா? ஆகவே கொழும்பு பஞ்சிகாவத்தையில் டொல்பினுக்காகக் குவிந்த சாமான்கள் யாவும் ஹைலக்ஸுக்கும் உதவின. விபத்தில் நசுங்கிய வேனின் எஞ்சின், கீழ் ஒயில் தொட்டியும் தாங்கிகளும் மாற்றப்பட்டு, கெப்பில் ஏறியது. வண்டியின் உறுதி ஒரு காரணமெனில், உதிரிப்பாகம் எளிதிற் கிடைத்தமை அதனிலும் பெரிய காரணம்.

குறைகளும் உண்டு. டைமிங் பெல்ட்டை 1,00,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டும். அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். மிட்சுபிசியின் 2.5 லீற்றர் எஞ்சினிலோ பெல்ட்டுகள் இரண்டு. அதிர்வைக் குறைக்கும் தண்டுகளுக்கான சிறிய பெல்ட் அறுந்தால், அது பெரிய பெல்ட்டில் சிக்கி முழு எஞ்சினையும் கெடுத்துவிடும். நம் பாஸ்மார் சிலர் அச்சிறிய பெல்ட்டையே அகற்றிவிடுவர். சற்று அதிர்வு கூடும், ஆபத்து நீங்கும்.

நான்கு சில்லு இயக்கத்தின் இயல்பையும் இங்கு சொல்லிவைப்பது நல்லது. இப்பழைய வண்டிகளில் அந்நெம்பைப் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பிணைக்கப்படுகின்றன. ஆனால் திருப்பத்தில் முன்சில்லுகள் கடக்கும் தூரம் அதிகம். சேற்றிலும் மணலிலும் சில்லு வழுக்கி அவ்வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். தார் வீதியில் வழுக்க இடமில்லாமையால் பற்சக்கரங்கள் முறுகி உடையும். வட்டையைவிட்டு வீதிக்கு ஏறியதும் நெம்பை எடுத்துவிடவேண்டும் என்று பாஸ்மார் கடிந்துரைப்பதன் காரணம் இதுவே.

1990இல் போர் மீண்டும் மூண்டது. மேற்கு வட்டைகளுக்குச் செல்லுதல் உயிராபத்தாயிற்று. முஸ்லிம் விவசாயிகள் பலர் தம் காணிகளை ஆண்டுக்கணக்கில் பார்க்கவும் முடியாதிருந்தனர். கெப் வண்டியின் மீது சந்தேகப் பார்வை விழுந்ததும் அக்காலத்திலேயே. சேற்றில் செல்லக்கூடிய, ஆட்களையும் பாரத்தையும் ஏற்றக்கூடிய வண்டியை ஆயுதம் ஏந்தியவர் எவரும் விரும்புவர். 1987இல் சாட் நாட்டுப் படைகள் இத்தகைய வண்டிகளைக் கொண்டே லிபியப் படையை முறியடித்தன. உலகம் அதை 'டொயோட்டாப் போர்' என்றே அழைத்தது. நம் நாட்டிலும் நல்ல கெப் வைத்திருந்தவர், அது எப்போது எவரால் பறிக்கப்படுமோ என்ற அச்சத்துடனேயே வாழ்ந்தனர். சிலர் முன் அச்சுக்குச் செல்லும் தண்டைக் கழற்றி வீட்டுக்குள் மறைத்துவைத்தனர். பறித்தால் பாதி வண்டிதான் போகும் என்பது அவர்கள் கணக்கு. பஞ்சிகாவத்தையில் வாங்கிய சாமானைச் சாக்கில் கட்டி இரவு பஸ்ஸில் கொண்டுவருவோர், வழிநெடுகச் சோதனைச் சாவடிகளில் ஒவ்வொரு பாகமும் எதற்கானது என்று விளக்கம் சொல்லவேண்டியிருந்தது.

அக்காலத்திலேதான் பாஸின் வாழ்விலும் அந்நிகழ்வு நேர்ந்தது. பெற்றோலைவிட டீசல் மலிவு. ஆகவே பெற்றோல் கெப்புகளுக்கு டீசல் எஞ்சின் பூட்டும் வேலை பெருகியிருந்தது. பெற்றோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயில் இயல்பாகவே வெற்றிடம் உண்டாகிறது; பிரேக்குக்கு உதவிவிசை தருவது அவ்வெற்றிடமே. டீசல் எஞ்சினில் அது கிடையாது. அதற்கெனத் தனிப் பம்பு வேண்டும். ஒரு வண்டிக்கு எஞ்சினை மாற்றிய பாஸுக்கு அப்பம்பு கிடைக்கவில்லை. அறுவடைக் காலம், உரிமையாளருக்கோ அவசரம். அடுத்த கிழமை பூட்டலாம் என்று வண்டியைக் கொடுத்துவிட்டார். நெல் மூட்டைகளுடன் வந்த வண்டி மதகடியில் நிற்கவில்லை. மூட்டைகளின் மேல் அமர்ந்திருந்த பதினேழு வயதுப் பையன் ஒரு காலை இழந்தான்.

இதனை அவர் என்னிடம் முன்னர் ஒருபோதும் சொன்னதில்லை. அன்றுதான் சொன்னார்.

"எஞ்சின மாத்தினன் தம்பி, பிரேக்க நாளைக்குப் பார்ப்பம் எண்டு விட்டன். அந்தப் பொடியன் இப்பவும் இந்த றோட்டாலதான் போறான். சலாம் சொல்லுவான். நான்தான் முகத்தப் பாக்கிறதில்ல."

அதன் பின்னர் அவர் கராஜில் ஒரு விதி வந்தது. எந்த மாற்றமானாலும் முதலில் பிரேக், அடுத்து ஸ்டியரிங், அதன் பின்னரே எஞ்சின். மறுத்தவரை அவர் திருப்பி அனுப்பினார். அதனால் இழந்த வருமானம் கொஞ்சமன்று.

2004 டிசெம்பர் 26. அக்காலை பற்றி நான் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். இறந்தோர் 10,000க்கும் மேற்பட்டோர். மாண்டவர்களை எண்ணிக்கொண்டிருந்த நாட்களில் வண்டிகளைப் பற்றிப் பேசுவது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆனால் ஜனாஸாக்களைச் சுமந்ததும், தண்ணீரையும் சோற்றுப் பொதிகளையும் கொண்டுவந்ததும், உடைந்த வீதிகளைக் கடந்ததும் இவ்வண்டிகளே. ஓடக்கூடிய வண்டிக்காக மக்கள் தவித்தனர்.

கடல்நீரில் மூழ்கிய வண்டியை உடனே முடுக்கிப் பார்த்தவர்கள் எஞ்சினை இழந்தார்கள். நீர் காற்றைப்போல் அமுங்காது. சிலிண்டருக்குள் நீர் நிற்கப் பிஸ்டன் மேலெழுந்தால் தண்டு வளைந்துவிடும். நொசில்களைக் கழற்றி, கையால் எஞ்சினைச் சுழற்றி, நீரை வெளியேற்றிய பின்னரே ஒயில் மாற்றவேண்டும். கியர் பெட்டியிலும் டிபரன்சியலிலும் ஒயில் பால்தேநீர் நிறமாகியிருந்தது. நல்ல நீரால் கழுவி, டீசலால் அலசி, மீண்டும் மீண்டும் ஒயில் மாற்றினர். தம் குடும்பத்தினரை அடக்கிவிட்டு வந்து இவ்வேலையைச் செய்தவர்களும் உண்டு. பெட்டிபோல் மூடப்பட்ட சாசிக்குள் புகுந்த உப்போ இலகுவில் போவதில்லை. உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். வெளியே பெயின்ற் பூசி அழகாக நிற்கும் வண்டியின் சாசியைப் பாஸ் இன்றும் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது அதனாலேயே. நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும். உக்கியது மண்பானைபோல் ஒலிக்கும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் நாடு பொருளாதாரத்தில் விழுந்தது. எரிபொருளுக்கு வரிசை, உதிரிப்பாகத்துக்குத் தட்டுப்பாடு. கழித்துப்போட்ட வண்டிகளும் பற்றைக்குள்ளிருந்து இழுத்துவரப்பட்டன. 1970களின் கலை மறுபடியும் தேவைப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டபோதும், வரியைச் சேர்த்தால் புதிய வண்டியின் விலை விவசாயியின் கைக்கெட்டாததாகவே இருந்தது. பழைய கெப்புக்கு இன்னும் வாழ்வு உண்டு.

ஆனால் திருத்துதல் வேறு, மாற்றுதல் வேறு. நம் பகுதியில் முன்னர் நடந்த மாற்றங்கள் தேவையின் நிமித்தம் நடந்தவை. இப்போது தோற்றத்துக்காகவும் வண்டியை உயர்த்துகிறார்கள். பெரிய டயர் பூட்டுகிறார்கள். டயர் பெருத்தால் அதனை நிறுத்தப் பிரேக்குக்கு அதிக விசை வேண்டும். வேகமானி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். உயர்ந்த வண்டி திருப்பத்தில் எளிதில் கவிழும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், பதிவு விபரத்தைப் பாதிக்கும் மாற்றங்களை அறிவிக்கவேண்டும் என்கிறது. பலர் இதனை வெறும் கடதாசி வேலையாகவே கருதுகின்றனர்.

உயரம் ஒரு போலித் துணிவையும் தருகிறது. 2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில், மத்ரஸா மாணவர்களை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச்செல்லப்பட்டுப் பிள்ளைகள் உயிரிழந்ததை நாம் மறந்துவிடலாகாது. உழவு இயந்திரத்தைவிட உயரமும் பாரமும் கொண்ட கெப் நம்மிடம் இல்லை. பாயும் நீரின் முன்னால் நான்கு சில்லும் ஒன்றுதான், இரண்டு சில்லும் ஒன்றுதான். வெள்ளத்தைக் கடக்க ஒரு பாஸால் வண்டி செய்துதர முடியாது. பாலத்தையும் மதகையும் உரிய உயரத்தில் கட்டவேண்டியது அரசின் கடமை. எத்தனையோ மாரிகளாக அக்கடமையின் குறையைக் கராஜ்களே ஈடுசெய்து வந்துள்ளன.

புறப்படும் முன்னர் பாஸ் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியைக் காட்டினார். எந்த வண்டிக்கு எந்த வண்டியின் பெயாரிங் பொருந்தும், எந்தக் கியர் பெட்டிக்கு எந்தத் தட்டைக் கடைந்து பூட்டவேண்டும் என்ற குறிப்புகள். முதற் கொப்பி சுனாமியில் போயிற்று; இது நினைவிலிருந்து மீள எழுதியது. முதற் பக்கத்தில் பெரிய எழுத்தில் 'பிரேக்' என்று மட்டும் எழுதியிருந்தது. மகன் கட்டாரில் இதே தொழில் செய்கிறான். கராஜில் இருக்கும் இரண்டு பையன்களும் பாஸ்போட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள்.

அனுபவத்தால் கற்றவருக்கும் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெற இந்நாட்டில் வழியுண்டு. ஆனால் எழுபத்தைந்து வயதில் அவருக்குச் சான்றிதழ் எதற்கு? தேவைப்படுவது அவருடைய அறிவு அடுத்தவர் கைக்குப் போய்ச்சேர்வது. ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகமும், சம்மாந்துறையில் தொழில்நுட்பக் கல்லூரியும், அம்பாறையில் ஹார்டியும் இருக்கின்றன. அங்கிருந்து இரு மாணவர்கள் ஓர் ஒலிப்பதிவுக் கருவியுடன் இக்கரையின் கராஜ்களில் ஒரு மாதம் உட்கார்ந்தால் போதும். புத்தகம் ஒன்றுக்கு வேண்டிய செய்தி கிடைக்கும்.

நான் அன்று அக்கொப்பியின் பக்கங்கள் அனைத்தையும் படம்பிடித்துக்கொண்டேன். அந்த ஹைலக்ஸின் உரிமையாளர் மாலையில் வந்து, வண்டி எப்போது முடியும் என்று கேட்டார். எஞ்சின் நாளையே சரியாகிவிடும், பிரேக்குக்குச் சாமான் வரவேண்டும், அடுத்த கிழமைதான் தருவேன் என்றார் பாஸ். அவர் முகம் சுளித்தார். பாஸ் மறுமொழி கூறாது, வெட்டவேண்டிய ஒட்டின் ஓரத்தில் சுண்ணக்கட்டியால் கோடு கீறத் தொடங்கினார்.